பிளேயர் போனா கூட தாங்கிக்கலாம், ஸ்டாஃபையே வரிசையா கூட்டிட்டுப் போனா?

கடற்காகம்:

ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சுட்டு இருந்தேன், இன்னைக்கு கேட்டுடறேன். நான் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் பிரைட்டனோட ரசிகன். பெரிய கிளப் வந்து எங்க பிளேயரை வாங்கிட்டுப் போறது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், விலை பேசுவாங்க, இழுப்பாங்க, கடைசில காசு வரும், அந்தக் காசுல ஈக்வடார்லயோ ஜப்பான்லயோ இன்னொரு பையனைப் புடிச்சுட்டு வருவாங்க, கொஞ்ச நாள்ல அவன் மேலயும் உசுரா ஆயிடுவோம். ஆனா உதவி கோச், கோல்கீப்பிங் கோச், புது பிளேயரைத் தேடிப் புடிக்கற ஸ்கவுட்டிங் பாக்கறவர்னு மேட்ச் அன்னைக்கு யாரும் பேர் சொல்லாத ஆளுங்களை ஒரு பணக்கார கிளப் வந்து ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போறப்போ வயிறு எரியுது பாருங்க, அந்த எரிச்சல் பிளேயர் போறப்போ வர்றதே இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படியா?

2022 கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஆகஸ்ட்ல எங்க டிஃபெண்டர் குகுரேயா செல்சிக்குப் போனாரு, 60 மில்லியன் பவுண்டு சொச்சம், நல்ல விலை, சரின்னு விட்டோம். செப்டம்பர் 4 லெஸ்டரை 5-2ன்னு அடிச்சோம், ஆறு மேட்ச்ல 13 பாயின்ட், டேபிள்ல நாலாவது இடம், இதுக்கு முன்னாடி இப்படி ஒரு தொடக்கத்தை நாங்க பார்த்ததே இல்ல. செப்டம்பர் 7 செல்சி அவங்க மேனேஜர் டுகெலைத் தூக்கினாங்க, மறுநாளே எங்க மேனேஜர் கிரஹாம் பாட்டர் அங்க மேனேஜர். அவர் தனியா போகல. பில்லி ரீட், பியோன் ஹம்பெர்க், புருனோ, கோல்கீப்பிங் கோச் பென் ராபர்ட்ஸ், ரெக்ரூட்மென்ட், அதாவது யாரை வாங்கலாம்னு பாக்கற பக்கம் இருந்த கைல் மெக்காலேன்னு ஒரு முழு டீமே கிளம்பிடுச்சு. நஷ்டஈடா 21 மில்லியன் பவுண்டுக்கு மேல வந்துச்சுன்னு செய்தி வந்துச்சு. இதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா நவம்பர்ல எங்க ரெக்ரூட்மென்ட் தலைவர் பால் வின்ஸ்டன்லியும் செல்சிக்கு. அவர் இடத்துக்கு சாம் ஜுவல் வந்தாரு, 2024ல அவரையும் அதே செல்சியே எடுத்துக்கிச்சு. ஒரே நாற்காலி, ரெண்டு தடவை காலி. நடுவுல 2023 ஆகஸ்ட்ல மிட்ஃபீல்டர் கைசெடோவும் கோல்கீப்பர் சான்செஸும், சான்செஸை எங்ககிட்ட வளர்த்த பென் ராபர்ட்ஸ் அதுக்கு முன்னாடியே அங்க உட்கார்ந்து இருந்தாரு.

பிளேயரை வித்தா அவன் காலை மட்டும்தான் விக்கறோம். ஸ்கவுட்டு போனா அடுத்த மூணு வருஷத்துக்கு யாரை வாங்கலாம்னு நாங்க பார்த்து வெச்ச லிஸ்ட்டே அவர் தலைக்குள்ள இருந்து போகுது, அதுக்கு என்ன விலை போடுவீங்க?

அந்த 2022 அக்டோபர் 29 மேட்ச். பாட்டர் செல்சியோட எங்க கிரவுண்டுக்கு வந்தாரு, அவர் தலை தெரிஞ்சதுமே ஸ்டேடியமே கூச்சல் போட்டுச்சு. அஞ்சாவது நிமிஷம் டிரோசார்டு கோல். அப்புறம் செல்சி ஆளுங்களே தங்க வலைக்குள்ளயே ரெண்டு ஓன் கோல் போட்டாங்க, பாதி நேரத்துல 3-0, கடைசில பாஸ்கல் குரோஸ் ஒன்னு போட்டு 4-1. தொண்டை போற அளவுக்கு கத்தினேன். ஆனா எதிர் பெஞ்சுல இருந்தது புருனோ, 2017ல எங்களை பிரீமியர் லீகுக்கு கூட்டிட்டுப் போன கேப்டன். அவரைப் பார்த்து என்னால கத்த முடியல.

மத்த கிளப் ரசிகர்களும் சொல்லுங்க, உங்களுக்கு இது நடந்தப்போ எப்படி இருந்துச்சு, கோவம் யார் மேல வந்துச்சு, கூச்சல் போடறது நியாயமா.


தேனீக்கூட்டம்:

ப்ரோ உங்களுக்கு மட்டும் இல்ல. பிரென்ட்ஃபோர்டு ரசிகன் நான், எங்க கதையைக் கேளுங்க.

கார்னர், ஃப்ரீ கிக், த்ரோன்னு செட் பீஸுக்குன்னே தனியா ஒரு கோச் வெக்கணும்னு மத்தவங்க யோசிக்காத காலத்துலயே எங்க கிளப் வெச்சுது. நிக்கோலா ஜோவர் எங்ககிட்ட இருந்தாரு, 2019ல மேன்செஸ்டர் சிட்டிக்குப் போனாரு, அங்கேர்ந்து ஆர்சனல். இன்னைக்கு ஆர்சனல் கார்னர்ல கோல் போட்டதும் கேமரா நேரா யாரைத் தேடுதுன்னு பாருங்க, அவரைத்தான். அடுத்து ஆண்ட்ரியாஸ் யோர்க்சன் வந்தாரு, 2020ல ஆர்சனல் கூட்டிட்டுப் போச்சு. அடுத்து பெர்னார்டோ குவேவா, 2024ல செல்சி. கோல்கீப்பிங் கோச் இனாக்கி கான்யாவை 2019 டிசம்பர்ல ஆர்சனல் எடுத்துச்சு, அவர் கையில பழகின டேவிட் ராயாவும் 2023ல அவர் பின்னாடியே போயிட்டாரு. உங்க பென் ராபர்ட்ஸ், சான்செஸ் கதையேதான், பேர் மட்டும் வேற. கோல்கீப்பரும் கோல்கீப்பிங் கோச்சும் தினமும் மத்த பிளேயருங்ககிட்டேர்ந்து தள்ளி ஒரு ஓரமா தனியா பயிற்சி பண்றவங்க, அந்த உறவு வேற லெவல், அதனால கோச் போனா கீப்பர் மனசும் பாதி போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க.

எங்களை மீறி ஒன்னு கத்துக்கிட்டோம். யார் போறாங்கன்னு பாக்கறத விட, போன மறுநாள் காலைல அந்த சீட்ல யார் உட்கார்றாங்கன்னு பாருங்க. 2018 அக்டோபர்ல டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனாரு, ரிச்சர்டு ஓகெல்லியும் கூடவே. வெளிலேர்ந்து பெரிய பேர் யாரையும் தேடாம அங்கயே உதவி கோச்சா இருந்த தாமஸ் ஃபிராங்கை உட்கார வெச்சாங்க. முதல் பத்து மேட்ச்ல எட்டு தோல்வி. எட்டு! எத்தனை பேர் அவரை அனுப்புங்கன்னு கத்தினாங்க தெரியுமா, கிளப் அசையவே இல்ல. 2021ல பிரீமியர் லீகுக்கு வந்தது அவர் கையிலதான்.

அதே ஃபிராங்க் 2025 ஜூன்ல டாட்டன்ஹாமுக்குப் போனப்போ எனக்கும் ஆடிப்போச்சு, அதை மறைக்க மாட்டேன். ஜஸ்டின் கோக்ரேன், கிறிஸ் ஹாஸ்லம்னு ஸ்டாஃபும் கிளம்பினாங்க. அதே கோடைல நார்கார்டு ஆர்சனலுக்கு, எம்பியூமோ மேன்செஸ்டர் யுனைடெடுக்கு, விசா நியூகாசிலுக்கு. வீட்டையே பேர்த்து எடுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ஆனா கிளப் என்ன பண்ணுச்சு, குவேவா போன இடத்துக்கு 2024ல வந்த செட் பீஸ் கோச் கீத் ஆண்ட்ரூஸை ஹெட் கோச் ஆக்கிச்சு. ரிலிகேட் ஆகி கீழ் லீகுக்குப் போயிடுவீங்கன்னு எழுதாத ஆள் இல்ல. எனக்கு நம்பிக்கை இருந்துச்சு, ஏன்னா ஆள் போறதுக்கு முன்னாடியே அடுத்த ஆளை யோசிச்சு வெக்கற பழக்கம் அந்த கிளப்புக்கு இருக்கு. உங்க கிளப்பும் அப்படித்தான், டெக்னிக்கல் டைரக்டர் டான் ஆஷ்வொர்த் போனப்போ டேவிட் வியர் உள்ளேர்ந்தே வந்தாரே, மறந்துட்டீங்களா?

கூச்சல் விஷயத்துல என் கருத்து, மேனேஜரைப் பார்த்து ஒரு மேட்ச் கத்திக்கோங்க, அது உங்க உரிமை. ஸ்கவுட்டையும் கோல்கீப்பிங் கோச்சையும் விட்டுடுங்க. அவங்க சம்பளம் பிளேயர் சம்பளத்துக்குப் பக்கத்துலயே வராது, நல்ல வாய்ப்பு வந்தா யாரா இருந்தாலும் போகத்தான் செய்வாங்க.


பச்சை_வெள்ளை:

எல்லாரும் யார் போனாங்க, எத்தனை பேர் போனாங்கன்னு பேசறீங்க, எனக்கு வலிச்சது எப்போ போனாருங்கறது.

ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்கோட ரசிகன் நான். பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2016ல மேனேஜரா வந்தாரு. சின்ன வயசுலேர்ந்தே செல்டிக் ரசிகன்னு சொல்லிக்கிட்டு வந்தவரு. முதல் சீசன் உள்ளூர்ல ஒரு தோல்வி கூட இல்லாம மூணு கோப்பை, அடுத்த சீசன் மறுபடி மூணு, அடுத்து லீக் கப், ஆக தொடர்ந்து ஏழு கோப்பை. எட்டாவதும் ஒன்பதாவதும் கண்ணு முன்னாடி இருக்கு. 2019 பிப்ரவரி கடைசில, சீசன் நடுவுல, லெஸ்டருக்குப் போயிட்டாரு. மே மாசம் வரைக்கும் காத்திருக்கக் கூடாதா? லெஸ்டருக்கு அந்த சீசன்ல ஒரு கோப்பை மேட்ச் கூட மீதி இல்ல, டேபிள் நடுவுல நின்ன டீம். கிறிஸ் டேவிஸ், கோலோ டூரே எல்லாரையும் கூட்டிட்டுப் போனாரு. மறுநாளே எங்களுக்கு ஹார்ட்ஸ் கிரவுண்டுல மேட்ச். எங்க ஆளுங்க ஒரு பேனர் புடிச்சாங்க, அமரத்துவத்தைக் கொடுத்துட்டு நடுத்தரத்தை வாங்கிட்ட, நீ என்னைக்குமே செல்டிக்காரன் இல்ல, ஏமாத்துக்காரன்னு அர்த்தம் வர்ற மாதிரி. உலகம் பூரா அந்த போட்டோ சுத்துச்சு. கடுமையா இருக்குன்னு வெளில இருக்கறவங்க சொன்னாங்க. உள்ள இருந்தவங்களுக்கு அது கொஞ்சம் கூட அதிகமா தெரியல.

ஒரு விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கறாங்க, ஜான் கென்னடி. எங்க அகாடமிலேயே வளர்ந்து, ஸ்காட்லாந்துக்கு ஆடறப்போ முட்டி போயி, சின்ன வயசுலேயே ஆட்டத்தை விட வேண்டி வந்த மனுஷன், கோச்சா கிளப்லயே தங்கிட்டாரு. ராட்ஜர்ஸ் போனப்போ அவர் போகல. நீல் லெனன் மேனேஜரா வந்தாரு, கென்னடி பக்கத்துல நின்னாரு, அந்த சீசன் மூணாவது தடவையா மூணு கோப்பையும் எங்களுக்கே வந்துச்சு. போனவரைப் பத்தி பத்து பேனர் எழுதினோம், தங்கினவருக்கு ஒன்னு எழுதியிருக்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் எல்லாத்தையும் குழப்பிடுச்சு. 2023 ஜூன்ல அதே ராட்ஜர்ஸ் திரும்பி வந்தாரு! ஏமாத்துக்காரன்னு எழுதின அதே கூட்டம் என்ன பண்ணும்? முதல்ல முணுமுணுப்பு, அப்புறம் லீக் ஜெயிச்சதும் கைதட்டல், 2025 அக்டோபர்ல மறுபடியும் கசப்போட பிரிவு, இந்தத் தடவை கிளப்போட பெரிய பங்குதாரரே அவரைத் திட்டி அறிக்கை விட்டாரு. அதனால கடற்காகம், பாட்டர் மேலயோ புருனோ மேலயோ வர்ற கோவத்தைக் கல்வெட்டுல எழுதிடாதீங்க. ஃபுட்பால்ல ஆளுங்க திரும்பி வருவாங்க.

பிளேயரை வாங்க விக்க டிரான்ஸ்பர் விண்டோன்னு குறிப்பிட்ட காலம் ஒன்னு இருக்கு, ஜனவரி முடிஞ்சா மே வரைக்கும் நிம்மதியா தூங்கலாம். கோச்சுக்கு அது ஏன் இல்லன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. சீசன் நடுவுல கான்ட்ராக்ட்ல இருக்கற கோச்சை எடுக்கக் கூடாதுன்னு ஒரு விதி வந்தா பாதி வலி குறையும்.


நீலச்சட்டை:

செல்சி ரசிகன். அடி வாங்கத்தான் போறேன்னு தெரியும், இருந்தாலும் எழுதறேன், ஏன்னா கேள்வி நியாயமா கேட்டிருக்கீங்க.

எடுக்கற பக்கம் இருக்கறவனுக்கும் சந்தோஷம் கிடைச்சுதான்னு கேட்டா, 2022-23ல கிடைக்கல. பாட்டர் வந்தப்போ நானெல்லாம் ஆசையா இருந்தேன், அஞ்சு வருஷம் இருப்பாரு, பிரைட்டன்ல பண்ணத இங்கயும் பண்ணுவாருன்னு. சீசனுக்கு முன்னாடி டீமைத் தயார் பண்ற பிரீ-சீசனே அவருக்குக் கிடையாது. ஜனவரில கிளப்பு வாங்கித் தள்ளின கூட்டத்துல எல்லாருக்கும் டிரெஸ்ஸிங் ரூம்ல இடமே பத்தலன்னு பேச்சு வர்ற அளவுக்கு ஆயிடுச்சு. 31 மேட்ச், 12 வெற்றி, ஏப்ரல் 2ஆம் தேதி வில்லாகிட்ட தோத்த மறுநாள் அனுப்பிட்டாங்க. அதுக்கு அடுத்த லிவர்பூல் மேட்ச்சுக்கு பெஞ்சுல நின்னு டீமை நடத்தினது யாரு, உங்க புருனோதான். 0-0. அந்த ஒரு மேட்ச்தான். அவர் முகத்தைப் பார்த்தா எங்களுக்கே கஷ்டமா இருந்துச்சு, நண்பனா நம்பி கூட வந்தவரு, கூட்டிட்டு வந்தவரே இல்ல. சீசன் முடிவுல நாங்க 12ஆவது இடம், நீங்க புது மேனேஜர் டி செர்பியோட ஆறாவது இடம், கிளப் வரலாற்றுலயே முதல் தடவையா யூரோப்பா லீக். ஏப்ரல்ல எங்க கிரவுண்டுக்கே வந்து 2-1ன்னு அடிச்சுட்டும் போனீங்க.

எனக்கு அதுல புரிஞ்சது, பிரைட்டன்ல அந்த ஆளுங்க நல்லா பண்ணதுக்கு அவங்க திறமை பாதி காரணம், அவங்களுக்கு மேல இருந்த ஓனர் டோனி புளூம் பொறுமை மீதி பாதி. பாட்டர் உங்ககிட்ட முதல் ரெண்டு சீசன்ல 15ஆவது, 16ஆவது இடம்தான் முடிச்சாரு. எங்க கிளப்ல அந்த இடத்துல முடிச்சா மூணாவது சீசன் இருக்குமா? ஆளை வாங்கலாம், பொறுமையை எங்கேர்ந்து வாங்கறது.

ஆனா ஆளைத் தூக்கறது எப்பவுமே வீணாப் போகும்னும் சொல்லிட முடியாது, அது உங்களை ஆறுதல்படுத்த சொல்ற பொய்யாயிடும். 2024ல லெஸ்டரை பிரீமியர் லீகுக்கு ஏத்தின உடனே அவங்க மேனேஜர் மரெஸ்காவை எடுத்தோம், 2025ல கான்ஃபரன்ஸ் லீகும் கிளப் உலகக் கோப்பையும் ஜெயிச்சோம். லெஸ்டர் அந்த சீசன்லயே மறுபடி கீழ போயிடுச்சு. அந்த ரசிகர்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்?


மேக்பை_மணி:

நான் நியூகாசில். நாங்க ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தவங்க, அதனால கொஞ்சம் விவரமா எழுதறேன்.

டான் ஆஷ்வொர்த் பிரைட்டன்ல டெக்னிக்கல் டைரக்டர். 2022 பிப்ரவரில ராஜினாமா பண்ணாரு, எங்ககிட்ட வர்றதுக்குத்தான். பிரைட்டன் உடனே அவரை கார்டனிங் லீவ்ல போட்டுச்சு, ஜூன்லதான் வர முடிஞ்சுது. அப்போ எங்க ரசிகர் குரூப்ல எல்லாம் ஒரே கொண்டாட்டம், சவுதி காசு வந்த புதுசு, நல்ல மூளையும் வந்துடுச்சுன்னு. 2024 பிப்ரவரில அதே மனுஷன் மேன்செஸ்டர் யுனைடெடுக்குப் போகணும்னு சொன்னாரு. இந்தத் தடவை கார்டனிங் லீவ்ல போட்டது நாங்க. 20 மில்லியன் பவுண்டு கேக்கறோம்னு செய்தி, கடைசில ஏதோ ஒரு தொகைக்கு சமரசம், ஜூலை 1 அங்க சேர்ந்தாரு. டிசம்பர் 8 அங்கேர்ந்தும் கிளம்பிட்டாரு, அஞ்சு மாசம் சொச்சம். இதுக்காகத்தான் ரெண்டு கிளப் அஞ்சு மாசம் மல்லுக்கட்டுச்சு.

கார்டனிங் லீவ்னா தெரியாதவங்களுக்கு, ஆள் சம்பளத்துல இருப்பாரு, ஆனா ஆபீஸ் பக்கம் வரக் கூடாது, வேற கிளப்லயும் சேரக் கூடாது. சொந்த கிளப் மீட்டிங்ல உட்கார முடியாது, ரிப்போர்ட் எதையும் தொட முடியாது. அதோட நோக்கமே அவர் தலைல இருக்கற தகவல் பழசாகட்டும்ங்கறதுதான். ஒரு டிரான்ஸ்பர் விண்டோ முழுக்க வெளில வெச்சுட்டா அவர் பார்த்து வெச்ச லிஸ்ட்ல பாதி பேர் வேற எங்கயோ போயிருப்பாங்க. கடற்காகம் கேட்டீங்களே லிஸ்ட்டுக்கு என்ன விலைன்னு, கிளப்புங்க போடற விலை இந்தக் காத்திருப்புதான். ஜுவல் விஷயத்துலயும் உங்க கிளப் அதைத்தான் பண்ணுச்சு, அதுல கோவத்தை விட கணக்கு அதிகம்.

பிளேயருக்கும் ஸ்டாஃபுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் இங்கதான். பிளேயர்னா நாலு கிளப் போட்டி போட்டு விலை ஏறும், கைசெடோவுக்கு லிவர்பூலும் வந்ததால 100 மில்லியன் தாண்டி போச்சு. ஸ்டாஃபுக்கு அப்படி சந்தையே கிடையாது. கான்ட்ராக்ட்ல எழுதி வெச்ச தொகை, இல்லாட்டி நோட்டீஸ் பீரியட், அவ்வளவுதான் கையில இருக்கற ஆயுதம். அதனால நல்ல ஸ்கவுட்டு வெச்சிருக்கற கிளப் அவர் நல்லா பண்ண ஆரம்பிச்சதுமே கான்ட்ராக்டை நீட்டி, நோட்டீஸ் பீரியடையும் நீட்டி, போறவர் பின்னாடி மத்தவங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு ஒரு வரியும் சேர்த்துடணும். ரசிகர்கள் இதைக் கேக்கணும், மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு கேக்கணும். ஜெர்சி டிசைனைப் பத்தி கேக்கறோம் இல்ல?

எங்க வலி எப்படி ஆறுச்சுன்னா, 2025 மார்ச் 16, லீக் கப் ஃபைனல், லிவர்பூலை 2-1. 1955க்கு அப்புறம் உள்நாட்டுல முதல் பெரிய கோப்பை. முதல் கோல் கார்னர்ல டான் பர்ன் தலையால முட்டினது, அவரும் பிரைட்டன்லேர்ந்து வந்தவர்தான், சின்ன வயசுலேர்ந்து எங்க டீம் ரசிகன். அன்னைக்கு ஆஷ்வொர்த் பேரை ஒருத்தர் கூட எடுக்கல.


குதிரைக்குட்டி:

மேல சொன்னவங்க எல்லாம் திடீர்னு போனவங்களைப் பத்தி சொல்றாங்க. முன்கூட்டியே சொல்லிட்டுப் போனா என்ன ஆகும்னு என்னை மாதிரி ஜெர்மனியோட மியூன்ஷென்கிளாட்பாக் ரசிகனைக் கேளுங்க.

2021 பிப்ரவரி 15, சீசன் பாதில, எங்க கோச் மார்கோ ரோஸ் கோடைல டார்ட்மண்டுக்குப் போறாருன்னு அறிவிச்சாங்க. கான்ட்ராக்ட்ல ரிலீஸ் கிளாஸ், அதாவது குறிப்பிட்ட தொகை கொடுத்தா விட்டுடணும்ங்கற வரி இருந்துச்சு, கிளப்பால தடுக்க முடியல. நேர்மையா சொல்லிட்டாரே, நல்லதுன்னு சிலர் சொன்னாங்க. அதுக்கு அப்புறம் தொடர்ந்து ஏழு மேட்ச் தோல்வி. மைன்ஸ், மேன்செஸ்டர் சிட்டி, லைப்ஸிக், லெவர்குசன், ஆக்ஸ்பர்க், மறுபடி சிட்டி. நடுவுல ஜெர்மன் கோப்பை காலிறுதில நாங்க யார்கிட்ட தோத்தோம் தெரியுமா, அதே டார்ட்மண்டு, 1-0. தன்னோட அடுத்த கிளப்புக்கு எதிரா நிக்கற கோச்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்து இருக்கணும். அவர் மனசார ஜெயிக்கத்தான் நெனச்சாருன்னு நான் நம்பறேன், ஆனா அன்னைக்கு ஒவ்வொரு சப்ஸ்டிட்யூஷனையும் சந்தேகத்தோடதான் பார்த்தேன், ஒரு ரசிகனுக்கு அதை விடக் கொடுமை கிடையாது. கொரோனா காலம், ஸ்டேடியம் காலி, விசில் அடிச்சுக் கோவத்தைத் தீர்த்துக்கக் கூட வழி இல்ல.

சரி நாங்க என்ன பண்ணோம்? ஃபிராங்க்ஃபர்ட்லேர்ந்து கோச் ஆடி ஹூட்டரை எடுத்தோம், அதே ரிலீஸ் கிளாஸ் வெச்சு, அதே மாதிரி சீசன் முடியறதுக்கு முன்னாடியே அறிவிப்பு. சாம்பியன்ஸ் லீக் இடத்துல இருந்த ஃபிராங்க்ஃபர்ட் சறுக்கி, ஒரே ஒரு பாயின்ட்ல அஞ்சாவது இடம். நாலாவது முடிச்ச உல்ஃப்ஸ்பர்க்கோட கோச் ஆலிவர் கிளாஸ்னரை ஃபிராங்க்ஃபர்ட் எடுத்துச்சு. அந்தப் பக்கம் பாயர்ன் லைப்ஸிக்லேர்ந்து கோச் நாகெல்ஸ்மனை எடுக்க, லைப்ஸிக் சால்ஸ்பர்க்லேர்ந்து ஜெஸ்ஸி மார்ஷை எடுத்துச்சு. ஒரே கோடை! எல்லாரும் மேல இருக்கறவனைத் திட்டிக்கிட்டே கீழ இருக்கறவன் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. பிரைட்டனும் 2019ல பாட்டரை ஸ்வான்சீலேர்ந்துதானே கூட்டிட்டு வந்துச்சு, ஸ்வான்சீ ரசிகர்கள் அன்னைக்கு எப்படி இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க கடற்காகம். உங்க கோவம் தப்புன்னு சொல்ல வரல, எனக்கும் டார்ட்மண்டு மேல இன்னும் ஆறல.

முடிவு என்ன ஆச்சுன்னா, ஃபிராங்க்ஃபர்ட் கிளாஸ்னரோட 2022ல யூரோப்பா லீகையே ஜெயிச்சுது. ரோஸை டார்ட்மண்டு ஒரே சீசன்ல அனுப்பிடுச்சு, ரெண்டாவது இடம் வந்தும். ஹூட்டரும் எங்ககிட்ட ஒரே சீசன்தான்.


சும்மா_பாக்கறவன்:

நெதர்லாந்து கிளப் அஜாக்ஸையும் சேர்த்துக்கோங்க, எல்லா கதையும் நல்லா முடியாது. 2022ல கோச் டென் ஹாக்கும் உதவி கோச் வான் டெர் ககும் யுனைடெடுக்கு, பின்னாடியே லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ், ஆண்டனி. ஆண்டனிக்கு மட்டும் 95 மில்லியன் யூரோ. அதே வருஷம் ஃபுட்பால் டைரக்டரும் வேற காரணத்துக்காக கிளப்பை விட்டுப் போயிட்டாரு. காசு மலை மாதிரி இருந்துச்சு, அதை வெச்சு யாரை வாங்கணும்னு தெரிஞ்ச ஆள்தான் இல்ல. அந்த சீசன் மூணாவது, அடுத்த சீசன் ஒரு கட்டத்துல லீக்லயே கடைசி இடம், எப்படியோ ஏறி அஞ்சாவது முடிச்சாங்க. தேனீக்கூட்டம் சொன்ன மறுநாள் காலை நாற்காலி விஷயம் இங்கதான் புரியும்.


கடற்காகம்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்னையும் ரெண்டு தடவை படிச்சேன்.

ஸ்வான்சீ பத்தி சொன்னது குத்துச்சு குதிரைக்குட்டி, ஆனா ஒரு வித்தியாசம் இருக்குன்னு இன்னும் நெனைக்கறேன். ஒரு கிளப்லேர்ந்து ஒரு கோச்சை எடுக்கறது ஒன்னு, ஒரே கிளப் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்கு வந்து கோச், ஸ்டாஃப், ஸ்கவுட்டு, கீப்பர், மிட்ஃபீல்டர்னு அடுக்கடுக்கா எடுக்கறது இன்னொன்னு. ரெண்டாவதுல நம்மளை ஒரு எதிர் டீமாவே மதிக்கலங்கற உணர்வு வருது, அவங்க குடோன் மாதிரி ஆயிட்டோமேன்னு. காசால அதை ஈடு கட்ட முடியாது. என் கோவம் செல்சி ஓனர்ங்க மேலதான், ரீட் மேலயோ ராபர்ட்ஸ் மேலயோ இல்ல, இங்க எழுதிப் பார்த்ததுக்கு அப்புறம்தான் அது எனக்கே பிரிஞ்சு தெரியுது. நீலச்சட்டை, நீங்க வந்து பேசினதுக்கு தனியா நன்றி, அந்த லிவர்பூல் மேட்ச்ல புருனோ தனியா நின்னது எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு.

மேக்பை_மணி சொன்ன நோட்டீஸ் பீரியட் விஷயத்தை எங்க ரசிகர் குரூப்ல போட்டுருக்கேன், ரசிகர்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசற அடுத்த கூட்டத்துல யாராவது கேக்கறாங்களான்னு பாப்போம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்னுதான், இப்போ ரெக்ரூட்மென்ட் பாக்கறவங்க கான்ட்ராக்ட் எப்போ முடியுது.